பால் எடுத்த பைன் பலகையை வாங்கலாமா?

வடசேரிக்காரன்

வணக்கம். புத்தக அலமாரி செய்யலாம் என்று போன மாசியில் பைன் பலகை வாங்கினேன். தேக்கு விலையைக் கேட்டு வந்த வழியே திரும்பியவன் நான், அதனால் பைன். தூத்துக்குடியில் கப்பலில் இறங்கும் சரக்கு என்றார் கடைக்காரர். ஆசாரி இழைத்து, பூட்டி, வார்னிஷும் அடித்துக் கொடுத்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

சித்திரை வெயில் வந்ததும் வினை ஆரம்பித்தது. மேற்குச் சன்னலை ஒட்டிய இரண்டு தட்டுகளில், கணு உள்ள இடமெல்லாம் தேன் மாதிரி கசிந்து நிற்கிறது. அகராதி ஒன்று பலகையோடு ஒட்டிக்கொண்டு, அட்டை கிழிந்த பிறகுதான் கையோடு வந்தது. ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது பால் எடுத்த மரம் சார். சத்தையெல்லாம் வடிச்சுக்கிட்டுச் சக்கையை நம்ம தலையில கட்டிட்டான். நாலு வருசம் தாங்காது" என்கிறார்.

இரண்டு கேள்வி. பிசின் வடித்த மரத்தின் பலகைக்கு உண்மையிலேயே பலம் குறைவா? இந்தக் கசிவை எப்படி நிறுத்துவது?

இழைப்புளி

அண்ணே, எல்லாவற்றையும் வடித்து எடுத்துவிட்டார்கள் என்றால் இப்போது உங்கள் அலமாரியில் வடிவது என்ன?

நாங்களும் தச்சு வேலைக் குடும்பம்தான். கணுவில் கசிவது பைனின் பிறவிக் குணம். கிளை முளைத்த இடம்தானே கணு, அங்கே பிசின் நிறையக் கட்டி நிற்கும். கெட்டியானதைக் கத்தியால் சுரண்டிவிட்டு, டர்பன்டைன் தொட்ட துணியால் அழுத்தித் துடையுங்கள். காய்ந்ததும், அவலரக்கை (கடையில் ஷெல்லாக் என்பார்கள்) ஸ்பிரிட்டில் கரைத்துக் கணுவின் மேல் இரண்டு கை பூசுங்கள். அதற்குப் பிறகு வார்னிஷ். நேராக வார்னிஷ் அடித்தால் பிசின் அதைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அரக்கைத் தாண்டி அவ்வளவு சுலபமாக வராது.

பலம் குறையுமா என்பதற்கு எனக்கும் பதில் தெரியாது. என் அப்பாவும் உங்கள் ஆசாரி கட்சிதான்.

தேவதாரு

வடக்கே மரச் சோதனைக்கூடத்தில் பல வருடம் இருந்தவன். இப்போது ஓய்வு. இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கு முன்பே பதில் வந்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் தென்கிழக்கில் நீள ஊசியிலைப் பைன் என்று ஒரு மரம் உண்டு. மரக்கப்பல் காலத்தில் கப்பலின் பலகை இடுக்கை அடைக்கவும், கயிற்றில் பூசவும் தாரும் கீலும் அதிலிருந்துதான் போயின. வட கரோலினாக்காரர்களைத் 'தார்க் குதிகால்' என்று இன்றும் கூப்பிடுவது அந்தத் தொழிலின் மிச்சம். பிசின் எடுத்துத் தீர்ந்ததும் அதே மரத்தை அறுத்து உத்தரத்துக்கு விற்பார்கள். அங்கேதான் சண்டை வந்தது. பிசின் வடித்த மரம் எங்களுக்கு வேண்டாம் என்று கட்டடக்காரர்கள் ஒதுக்கினார்கள். உங்கள் ஆசாரி சொன்ன அதே காரணம்தான், சத்து போய்விட்டதாம்.

1890களின் தொடக்கத்தில் அந்நாட்டு வனத்துறைப் பிரிவின் தலைவராக இருந்த பெர்னார்டு ஃபெர்னோ இதைச் சோதித்துப் பார்க்க ஏற்பாடு செய்தார். வடித்த மரம், வடிக்காத மரம் இரண்டிலும் துண்டுகள் வெட்டி, செயின்ட் லூயிஸில் எந்திரத்தில் வைத்து வளைத்தும் நசுக்கியும் உடைத்தார்கள். பலத்தில் வித்தியாசம் இல்லை என்று முடிவு வந்தது. ஒதுக்கி வைத்த மரத்துக்குச் சந்தை திறந்தது.

காரணம் மரத்தின் உள்ளமைப்பில் இருக்கிறது. பைனில் பிசின் தனிக் குழாய்களில் ஓடுகிறது. அந்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் உயிரணுக்கள்தான் பிசினைச் சுரக்கின்றன. அவை உயிரோடு இருப்பது வெளிப்பக்கத்து வெள்ளையில் மட்டும். உள்ளே வைரம் பாய்ந்த பகுதியில் எல்லாம் செத்துவிட்டது. அங்கே இருக்கும் பிசின் எப்போதோ ஊறி அங்கேயே உறைந்தது. வெளியே எத்தனை வருடம் கீறினாலும் வைரத்துப் பிசின் ஒரு சொட்டுகூடத் திரும்பி வராது. உத்தரம் அறுப்பதோ வைரத்தில். அதில் யாரும் கை வைக்கவே இல்லையே!

இன்னொன்று. மரத்தின் பலம் பிசினில் இல்லை, நார்ச்சுவரின் தடிப்பில் இருக்கிறது. பிசின் நிறைந்த துண்டு கையில் கனக்கும். அந்தக் கனத்தை நம்பி அதிகப் பாரம் ஏற்றினால் ஏமாந்துபோவோம்.

சிரட்டை

குலசேகரம் பக்கத்துக்காரன். எங்களுக்கு இதில் ரப்பர் அனுபவம்தான். ஆனால் பேச்சு ஒன்றுதான் மக்கா.

ரப்பர் பால் ஓடுவது பட்டையில். மரத்துக்குள் அல்ல. நல்ல பால்வெட்டுக்காரன் கத்தி தடிக்குப் போகாது. தடிக்கு மேலே இருக்கும் அந்த வழுவழுப்பான தோலைத் தொட்டுவிட்டால் காயம். அந்த இடத்தில் பட்டை திரும்ப வளரும்போது மேடும் பள்ளமுமாக முண்டு கட்டிவிடும், பிறகு கத்தியே ஓடாது. 25, 30 வருடம் வெட்டி முடித்த மரத்தைத்தான் அறுவைக்குக் கொடுக்கிறோம். கடைசி ஒன்றிரண்டு வருடம், எப்படியும் போகிற மரம்தானே என்று மேலே கீழே எல்லாப் பக்கமும் கடும்வெட்டு வெட்டுவார்கள். அப்படியும் அந்தத் தடியில் நாற்காலியும் கட்டிலும் செய்து உலகம் முழுக்க விற்கிறார்கள்.

ரப்பர் தடியின் குறை வேறு இடத்தில். அதில் மாவுச்சத்து அதிகம். வெட்டிப் போட்டுச் சில நாளிலேயே நீலம் பாய்ந்துவிடும், வண்டு துளைத்து மாவு கொட்டும். உடனே அறுத்து போரிக் மருந்தில் ஊறவைத்து உலர்த்தினால் தப்பிக்கும். என் வீட்டில் ஊறவைக்காமல் அடித்த ஒரு பரண் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல முடியும்.

மணாலி பஸ்

தேவதாரு ஐயா, நான் இரண்டு வருடம் இமாச்சலத்தில் வேலை பார்த்தவன். சாலை ஓரத்தில் அந்தப் பைன் மரங்களைப் பார்த்திருக்கிறேன். அடியில் ஆளுயரத்துக்குச் செதுக்கிக் குழியாக்கி, கீழே ஒரு தகரக் குவளை தொங்கும். பெருங்காற்று அடித்த மறுநாள் முறிந்து கிடப்பவை பெரும்பாலும் அந்தச் செதுக்கிய மரங்கள்தான், செதுக்கிய இடத்தில்தான் முறிந்திருக்கும். பலம் குறையவில்லை என்று எந்திரம் சொல்லலாம். என் கண் வேறு சொல்கிறதே.

தேவதாரு

நல்ல கேள்வி, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பலகையின் பலம் வேறு, நிற்கிற மரத்தின் பலம் வேறு. அடித்தண்டில் பாதியைச் செதுக்கி எடுத்தால் மிச்சப் பாதி எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் காற்றுக்கு முறியத்தான் செய்யும். தூணைக் குடைந்துவிட்டுக் கல்லைக் குறை சொல்ல முடியாது.

அமெரிக்காவிலும் இதே கதை. அங்கே முதலில் குவளையே கிடையாது. மரத்தின் அடியிலேயே கோடரியால் ஒரு பெட்டி மாதிரிக் குழி வெட்டுவார்கள், பிசின் வடிந்து அதிலேயே தேங்கும். ஒரு மரத்துக்கு இரண்டு மூன்று குழிகூட உண்டு. காற்று வந்தால் விழும். தீ வந்தால் அந்தக் குழியே அகல்விளக்கு. 1900களின் தொடக்கத்தில் சார்லஸ் ஹெர்ட்டி என்ற ஜார்ஜியா வேதியியல் பேராசிரியர், குழி வெட்டாமல் களிமண் குவளையை ஆணியில் மாட்டும் முறையைக் கொண்டுவந்தார். பிரான்சில் லாந்து பகுதியில் அதற்கு ஐம்பது வருடம் முன்பே பியேர் யூக் என்பவர் குவளை மாட்டியிருந்தார். அமெரிக்காவில் மரம் மலிவாக இருந்தவரை அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

நம் இமயமலைப் பைனுக்கு வருகிறேன். இந்தியில் சீட் என்பார்கள். ஏறக்குறைய 90 செ.மீ. சுற்றளவு வந்த மரத்தில்தான் கீறலாம் என்பது பொதுவான விதி. பங்குனி வாக்கில் தொடங்கி ஐப்பசி வரை பருவம். குளிரில் பிசின் ஓடாது. நீங்கள் பார்த்தது பழைய முறை. வாய்ச்சியால் 10 செ.மீ. அகலம், இரண்டரை செ.மீ. ஆழம் செதுக்கி, வாரா வாரம் மேல் விளிம்பைப் புதுப்பித்துக்கொண்டே ஏறுவது. விதிப்படி செதுக்கினால் மரத்துக்குப் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் ஒப்பந்தக்காரரின் கூலியாளுக்கு அளந்து செதுக்க என்ன அவசியம்? ஆழமாகப் போனால் அன்றைக்கு அதிகம் வடியும். ஆழம் ஐந்து, அகலம் இருபது என்று போய்விடும்.

அதற்கு மாற்றாக வந்ததுதான் கோட்டுக் கீறல். மேல்பட்டையை மட்டும் மழித்துவிட்டு, இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் சாய்வாக ஒரு கோடு. அதன்மேல் நீர்த்த கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்து தெளிப்பார்கள். குழாய் வாய் அடைபடாமல் பல நாள் ஓட அது உதவும். மரம் வெட்டுப்படுவதில்லை, சில வருடத்தில் காயமும் மூடிக்கொள்ளும். அமிலம் தெளிக்கிறவரின் கையும் கண்ணும் என்னாகின்றன என்பது வேறு கதை. இன்னும் புதிதாக, துளை போட்டுக் குழாய் செருகி மூடிய பையில் பிடிக்கும் முறையும் வந்திருக்கிறது. அதில் தூசி, சருகு சேராது, டர்பன்டைன் ஆவியாகிப் போவதும் குறைவு.

சிரட்டை சொன்ன கடும்வெட்டு இங்கேயும் உண்டு. இன்னும் நாலைந்து வருடத்தில் வெட்டப்போகிற மரத்தில் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் கீறலாம் என்பது வனத்துறை ஏற்றுக்கொண்ட வழக்கம்.

ஆக, பிசின் எடுத்ததால் பலகைக்கு நட்டமே இல்லையா? உண்டு. அடிமரத்தில்தான் ஒரு மரத்தின் விலை இருக்கிறது, அதுதான் பருமன், அதுதான் கணு இல்லாதது. காயம் படுவதும் அங்கேயேதான். காயத்தைச் சுற்றிப் பிசின் ஊறி மரம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், உளிக்கும் ரம்பத்துக்கும் ஒத்துவராது, வண்ணம் பிடிக்காது. பழைய ஆணி உள்ளே இருந்தால் அறுவை மில்காரர் வாழ்த்துவார். சீட் மரத்துக்கு நார் முறுக்கு என்ற நோய் வேறு, பல மரங்களில் நார் கயிறு மாதிரித் திருகிக்கொண்டு போகும், பலகை காயக் காயக் கோணும். ஆனால் அது பிறவியில் வருவது, பிசின் எடுப்பதால் அல்ல.

வில்லு

குறுக்கே ஒரு சந்தேகம். வயலின் வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் கட்டியும் இதுதானா?

தேவதாரு

இதேதான். வடித்ததைக் காய்ச்சி வடிகட்டினால் ஆவியாகிப் போய்க் குளிர்ந்து கிடைப்பது டர்பன்டைன், பானையில் மிஞ்சுவது ரோசின். ரோசின்தான் அதிகம், ஏறக்குறைய முக்கால் பங்கு. காகிதத்தில் மை ஊறாமல் இருக்க, சோப்பில், பெயிண்டில், ஈயம் பற்றவைக்கும் பசையில், உங்கள் வில்லில் எல்லாம் அதுதான். டர்பன்டைன் என்று இன்று பெயிண்ட் கடையில் கொடுப்பது பெரும்பாலும் பெட்ரோலியச் சரக்கு, மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மதுரை மெயில்

அப்படியானால் ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசின்? அதையும் காய்ச்சினால் டர்பன்டைன் வருமா? கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

கோத்தகிரி

வராது. தமிழில் எல்லாவற்றையும் பிசின் என்றே சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் இது. ஒரு துண்டை எடுத்து இரவில் தண்ணீரில் போடுங்கள். ஊறி உப்பினாலோ கரைந்தாலோ அது கோந்து வகை. பாதாம், முருங்கை, வேலம் எல்லாம் அது. ஒரு வகைச் சர்க்கரைப் பொருள். தண்ணீரைக் கண்டுகொள்ளாமல் கல் மாதிரிக் கிடந்து, ஸ்பிரிட்டில் கரைந்து, நெருப்பில் போட்டால் வாசனையோடு எரிந்தால் அது குங்கிலிய வகை. பைன் பிசின் இந்தக் கட்சி. பெருங்காயம் மாதிரி இரண்டும் கலந்த ஆசாமிகளும் உண்டு. ரப்பர் பால் இந்த இரண்டிலும் சேராதது.

எங்கள் மலையில் கருங்குங்கிலிய மரம் இருக்கிறது. நெடுநெடுவென்று வளரும், இளந்தளிர் ரத்தச் சிவப்பு, சோலைக்குள் தூரத்திலிருந்தே தெரியும். குறும்பர்களும் மற்ற பழங்குடியினரும் அதன் பிசினை எடுப்பார்கள். வெடிப்பில் தானாக வடிந்து உறைந்ததைப் பெயர்ப்பது ஒரு முறை, கீறிவிட்டுக் காத்திருந்து எடுப்பது இன்னொன்று. மூன்றாவதாக, அடியில் தீ மூட்டுவது. சூட்டில் பட்டை வெந்து பிசின் நிறைய வரும், மரம் போகும். இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் அடுத்த வருடம் அந்த மரத்திடம் திரும்பி வரத் தேவையில்லாதவர்கள்.

அந்த மரத்தின் பலகை இலேசானது, மென்மையானது. பிளைவுட்டுக்கும் தீக்குச்சிக்கும் பெட்டிக்கும்தான் போகும். மேற்கு மலையின் வெள்ளைக் குங்கிலியத்துக்கும் அதுதான் தலையெழுத்து, தேயிலைப் பெட்டியும் பிளைவுட்டுமாக நிறையவே போயிற்று. பிசின் நிறைந்த மரம் என்றால் உறுதியான மரம் என்று நினைப்பதும் தப்பு, பிசின் எடுத்தால் உறுதி போய்விடும் என்று நினைப்பதும் தப்பு. இரண்டுக்கும் தொடர்பே இல்லை.

திருக்கடவூர்க் கலய நாயனார் தாலியைக் கொடுத்து வாங்கிய குங்கிலியம் இதில் எது என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கேட்டால் இரண்டு மூன்று மரத்துச் சரக்கை அதே பெயரில் கொடுப்பார்கள்.

பழஞ்சரக்கு

இவ்வளவு தூரம் வந்துவிட்டு சாம்பிராணியை விடலாமா? அது சுமத்திராவின் வடக்கு மலைகளில் பத்தாக் மக்கள் எடுப்பது. அந்த மரத்தில் காயம் படும்வரை பிசினே கிடையாது. கீறினால்தான், அந்தக் காயத்துக்குப் பதிலாகத்தான் உண்டாகும். சில மாதம் விட்டு உறைந்த வெள்ளைத் துளிகளைப் பெயர்த்து எடுப்பார்கள். காயம்தான் மூலதனம்.

அதே தீவில் பாரூஸ் துறைமுகத்துக் கற்பூர மரம் நேர் எதிர். தண்டின் உள்வெடிப்பில் கற்பூரம் கட்டியாக உறைந்திருக்கும். அதை எடுக்க மரத்தைச் சாய்த்துப் பிளக்கத்தான் வேண்டும், சாய்த்த பிறகு உள்ளே ஒன்றுமில்லாமலும் போகும். அங்கே லோபு துவாவில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088இல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. நம்மவர்கள் அவ்வளவு தூரம் போனதில் கற்பூர வாசனைக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று அந்த மரம் கபூர் என்ற பெயரில் கனமான கட்டட மரமாகத்தான் அதிகம் விலைபோகிறது.

மணாலி பஸ்

பிசின் காசு யாருக்குப் போயிற்று என்பதையும் யாராவது எழுத வேண்டும். இமயத்தின் குமாவுன் மலையில் 1921இல் மக்கள் வனச் சட்டங்களை எதிர்த்துத் தீ வைத்தது இந்தப் பிசின் பைன் காடுகளுக்குத்தான். அகல இலைக் காடுகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அது அவர்கள் மாட்டுத் தீவனமும் விறகும், பைன் சர்க்காரின் வருமானம்.

மலை மக்கள் மரங்களைக் காக்க நடத்திய சிப்கோ இயக்கத்தின் தொடக்கத்திலும் பிசின் இருக்கிறது. கோபேஷ்வரில் உள்ளூர்க்காரர்களின் சங்கம் ஒரு சிறு டர்பன்டைன் ஆலை நடத்தியது. சமவெளியின் பெரிய ஆலைக்குக் கொடுத்ததைவிடக் கூடுதல் விலையில்தான் அவர்களுக்குப் பிசின் கிடைத்தது. அப்புறம் ஏர் நுகத்தடி செய்ய 'அங்கு' என்று பெயருள்ள மரத்தைக் கேட்டார்கள். இலேசு, அடி தாங்கும், உடையாது. நுகத்துக்கு அதைவிட்டால் இல்லை. கொடுக்கவில்லை. ஆனால் அதே குணத்துக்காக அதே மரத்தை டென்னிஸ் மட்டை செய்யும் நிறுவனத்துக்கு ஒதுக்கினார்கள். 1973இல் மண்டல் கிராமத்தில் மரத்தைக் கட்டிப்பிடிப்பதுவரை போனது அதனால்தான். மரத்தின் குணம் என்ற பேச்சில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேவதாரு

சேர்த்தாயிற்று.

வடசேரிக்காரரின் பலகைக்கு ஒரு வார்த்தை. தூத்துக்குடியில் இறங்கும் பைனில் நியூசிலாந்துத் தோட்டத்து ரேடியாட்டா என்ற வகையும் உண்டு, உங்களுடையது அதுவாக இருக்கலாம். பலகைக்காகவே நட்டு, 25, 30 வருடத்தில் வெட்டுவது. அதில் பிசின் எடுக்கும் வழக்கமே இல்லை. பலகை பெட்டிச் சரக்காக வந்திருந்தால் அதில் வெப்ப முத்திரை இருக்கிறதா பாருங்கள். அந்த முத்திரைக்கு மரத்தின் நடு வரை 56 டிகிரி சூடு, 30 நிமிடம் போதும். பூச்சி செத்துவிடும். பிசின் உறைந்து நிற்க 70 டிகிரிக்கு மேல் சூளையில் உலர்த்தியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் விற்றதால்தான் மேற்கு வெயில் மிச்சத்தை உருக்குகிறது.

வடசேரிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. இழைப்புளி சொன்னபடி சுரண்டித் துடைத்து அவலரக்கு பூசினேன். மூன்று வாரம் ஆகிறது. ஏழு கணுவில் ஆறு அடங்கிவிட்டது, ஒன்று மட்டும் இன்னும் கண்ணீர் விடுகிறது. அங்கே அகராதியை வைப்பதில்லை.

பலகையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பாதி அழிந்த முத்திரை ஒன்று இருந்தது, தேவதாரு ஐயா சொன்னதேதான். போட்டோ எடுத்து ஆசாரிக்கு அனுப்பி, இது பால் எடுக்காத மரம் என்று விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ எடுத்திருந்தா இப்படி வடிஞ்சிருக்காதுல்ல சார்?" என்றார்.

இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.